21 வயதுக்கு முன் குடித்துப் பிடிபட்டவர் அமெரிக்க ராணுவத்தில் அதிகாரி ஆக முடியுமா?

முடியும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு பார்ட்டியில் கையில் பீரோடு மாட்டிய ஒரே ஒரு சம்பவம்தான் என்றால், அது பெரும்பாலும் வழியை அடைத்துவிடாது. அந்தச் சம்பவத்தை மறைத்துப் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தக் கையெழுத்தே வழியை அடைத்துவிடலாம். அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகள் சிலர் அதிகாரியாக ஆசைப்படுகிறார்கள். நம் வீடுகளில் இப்படி ஒரு விஷயம் நடந்தால் முதல் வேலையாக வெளியே தெரியாமல் மூடி வைக்கத்தான் பார்ப்போம். அந்தப் பழக்கம் இந்த ஒரு இடத்தில் பிள்ளைக்கு எதிராகவே திரும்பும். அதனால் விதிகளைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் குற்றம் என்ன என்பது. 1984-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், 21 வயதுக்குக் கீழ் மது வாங்குவதையும் பொது இடத்தில் வைத்திருப்பதையும் தடை செய்யாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வோம் என்றது. தெற்கு டகோட்டா மாநிலம் வழக்குப் போட்டது. 1987-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் தண்டனையும் விதிவிலக்கும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸிலும் விஸ்கான்சினிலும் பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போது பிள்ளை குடிப்பது குற்றமே இல்லை. அதே டெக்சாஸில் நண்பர்களோடு பீர் வைத்திருந்து பிடிபட்டால் ‘மைனர் இன் பொசெஷன்’ வழக்கு, சுருக்கமாக எம்.ஐ.பி. முதல் தடவைக்கு 500 டாலர் வரை அபராதம், மது விழிப்புணர்வு வகுப்பு, சமூக சேவை, ஓட்டுநர் உரிமம் கொஞ்ச நாள் முடக்கம். சிறைத் தண்டனை கிடையாது.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது இதோடு சேராது. 21-க்குக் கீழ் உள்ளவருக்கு ரத்தத்தில் 0.02 சதவீதம் இருந்தாலே குற்றம் என்று 1995-இன் கூட்டாட்சிச் சட்டத்துக்குப் பிறகு எல்லா மாநிலங்களும் விதி வைத்திருக்கின்றன. ராணுவமும் இதை எம்.ஐ.பி.-ஐவிடப் பெரிய குற்றமாகத்தான் பார்க்கும்.

அதிகாரி ஆக முக்கியமாக மூன்று வழிகள். வெஸ்ட் பாயின்ட், அனாபொலிஸ், கொலராடோ ஸ்பிரிங்ஸ் போன்ற இடங்களில் இருக்கும் ராணுவ அகாடமிகள். கல்லூரியில் படித்தபடியே சேரும் ஆர்.ஓ.டி.சி. என்ற அதிகாரிப் பயிற்சித் திட்டம்; பட்டம் முடித்தபின் போகும் அதிகாரிப் பயிற்சிப் பள்ளி. எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரே வாசல்தான். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பு, 532-ஆம் பிரிவு, அதிகாரியாக நியமிக்கப்படுபவர் நல்லொழுக்கம் உடையவராக இருக்க வேண்டும் என்கிறது. குடியுரிமையும் கேட்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் சிப்பாயாகச் சேரலாம். அதிகாரியாக வேண்டுமென்றால் பொதுவாகக் குடியுரிமை வாங்கிய பிறகுதான். இதற்கு மேல், ரகசியத் தகவல்களைக் கையாளத் தகுதியானவர் என்ற பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். பழைய குடி விவகாரம் நல்லொழுக்கச் சோதனையில் ஒரு முறையும், பாதுகாப்பு அனுமதியில் இன்னொரு முறையும் மேஜைக்கு வரும்.

நல்லொழுக்கச் சோதனையில் பாதுகாப்புத் துறை குற்றங்களை நான்கு அடுக்காகப் பிரிக்கிறது: போக்குவரத்துக் குற்றம், போக்குவரத்து சாராத சிறு குற்றம், தவறான நடத்தை, கடுமையான தவறான நடத்தை. வயதுக்கு முன் மது வைத்திருந்தது இரண்டாவது அடுக்கு. குடித்து வண்டி ஓட்டியது மூன்றாவது அடுக்கு. பாதுகாப்புத் துறையின் பொது விதிப்படி சிறு குற்றங்கள் ஐந்து சேர்ந்தாலோ, மூன்றாம் அடுக்கில் இரண்டு இருந்தாலோ, அந்த அடுக்கில் ஒன்றும் சிறு குற்றம் நான்கும் இருந்தாலோ, கடுமையானது ஒன்றே ஒன்று இருந்தாலோ, ‘வெய்வர்’ எனப்படும் விதிவிலக்கு வாங்க வேண்டும். அதிகாரி ஆக வருபவர்களுக்குத் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஒவ்வொன்றும் இதைவிடக் கறாரான வரம்பு வைத்துக்கொள்ளலாம். அதனால் ஒரே ஒரு எம்.ஐ.பி.-க்கும் விளக்கக் கடிதமோ வெய்வரோ கேட்டால் பதற வேண்டாம்.

இங்கே பலர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. நீதிமன்றம், ‘வகுப்பை முடி, 90 நாள் ஒழுங்காக இரு, வழக்கைத் தள்ளுபடி செய்கிறோம்’ என்று சொல்லியிருக்கும். அப்படியே தள்ளுபடியும் ஆகியிருக்கும். குடும்பம், வழக்கே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். நிபந்தனையோடு முடிந்த வழக்கை ராணுவம் பாதகமான முடிவாகவே எடுத்துக்கொள்ளும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது முக்கியமான படிவத்துக்கு வருவோம். பாதுகாப்பு அனுமதிக்காக நிரப்புவது எஸ்.எஃப்.-86. நூறு பக்கத்துக்கு மேல் போகும்; இப்போது ஆன்லைனில் நிரப்புகிறார்கள். குடி பற்றிய விஷயம் இதில் இரண்டு இடத்தில் வருகிறது. 22-ஆம் பகுதி போலீஸ் பதிவு. இதில் பல கேள்விகள் கடந்த 7 ஆண்டுகளைப் பற்றியவை: சம்மனோ சைட்டேஷனோ டிக்கெட்டோ கொடுத்தார்களா, கைது செய்தார்களா, குற்றம் சாட்டினார்களா என்று கேட்கும். 300 டாலருக்குக் குறைந்த போக்குவரத்து அபராதத்தை விட்டுவிடலாம்; ஆனால் அதில் மதுவோ போதைப்பொருளோ இருந்தால் விட முடியாது. அடுத்து வரும் ஒரு கேள்விக்குக் கால வரம்பே இல்லை: மது அல்லது போதைப்பொருள் தொடர்பாக உங்கள்மீது எப்போதாவது குற்றம் சாட்டப்பட்டதா? ‘எப்போதாவது’ என்றால் பதினாறு வயதில் நடந்ததும் சேர்த்துத்தான். 7 ஆண்டு கடந்துவிட்டது, இனி எழுத வேண்டாம் என்று நண்பர்கள் சொல்வது எம்.ஐ.பி. விஷயத்தில் தப்பான ஆலோசனை.

24-ஆம் பகுதி முழுக்க மதுப் பழக்கம். கடந்த 7 ஆண்டுகளில் உங்கள் குடியால் வேலையோ உறவோ பணமோ பாதிக்கப்பட்டதா, போலீஸோ பொதுப் பாதுகாப்புப் பணியாளர்களோ தலையிட வேண்டி வந்ததா என்று கேட்கிறது. இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். ஹாஸ்டலில் அளவுக்கு மீறிக் குடித்து மயங்கி, கல்லூரிப் போலீஸ் ஆம்புலன்ஸை வரவழைத்து, உயிர் பிழைத்தால் போதும் என்று வழக்கு ஏதும் போடாமல் விட்டிருக்கலாம். வழக்கு இல்லை, ஆனால் தலையீடு இருந்தது. கல்லூரி நிர்வாகம் ஆலோசகரைப் பார்க்கச் சொன்னதா என்பதற்கும் தனிக் கேள்வி இருக்கிறது, அதற்குக் கால வரம்பு இல்லை. எம்.ஐ.பி.-க்காகப் போன மது விழிப்புணர்வு வகுப்பு கவுன்சலிங் கணக்கில் வருமா வராதா என்று குழப்பம் வந்தால், எழுதிவிட்டு விளக்குவதே நல்லது. எழுதியதால் ஒரு கேள்வி கூடுதலாக வரும், அவ்வளவுதான். விட்டுவிட்டால் ஏன் விட்டாய் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்வது ரொம்பக் கஷ்டம்.

சரி, பதிவையே அழித்துவிட்டோமே என்று கேட்பவர்கள் நிறைய. டெக்சாஸ் மதுச் சட்டத்தில், மைனராக இருந்தபோது ஒரே ஒரு தண்டனை மட்டும் பெற்றவர் 21 வயது முடிந்ததும் அதே நீதிமன்றத்தில் மனு போட்டு அதை அழித்துவிடலாம். நல்ல சட்டம், மற்ற வேலைகளுக்கு உதவும், கட்டாயம் செய்துகொள்ளுங்கள். ஆனால் எஸ்.எஃப்.-86-இன் 22-ஆம் பகுதி, பதிவு முத்திரையிடப்பட்டிருந்தாலும் அழிக்கப்பட்டிருந்தாலும் வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தாலும் சொல்ல வேண்டும் என்று எழுத்திலேயே கேட்கிறது. கூட்டாட்சிப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் அழிக்கப்பட்ட சில தண்டனைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு, மாநில எம்.ஐ.பி. அதில் சேராது. அழித்துக் கொடுத்த வக்கீல், ‘இனி யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லலாம்’ என்று சொல்லியிருப்பார். மாநில அளவில் அவர் சொன்னது சரியாக இருக்கலாம். இந்தப் படிவத்துக்கு அது பொருந்தாது.

பிடிபடாமல் குடித்தது? ‘21 வயதுக்கு முன் குடித்தாயா’ என்று படிவம் நேராகக் கேட்பதில்லை. கேட்காததை நீங்களாகப் போய் எழுத வேண்டியதில்லை. ஆனால் விசாரணை அதிகாரி நேரில் உட்கார்ந்து பேசுவார், கூட இருந்த ரூம்மேட்டையும் தேடிப் போவார். நேரில் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும். கல்லூரிக் காலத்தில் வார இறுதியில் இரண்டு பீர் என்பது அவர்கள் தினமும் கேட்கும் கதை.

போலி அடையாள அட்டை என்றால் நான் இன்னும் கவலைப்படுவேன். குடித்தது வயதுக் கோளாறு என்று போய்விடும். ஏமாற்றுவதற்காகவே ஒரு ஆவணத்தைக் காசு கொடுத்து வாங்கி, அதை மதுக்கூட வாசல் காவலாளியிடம் நீட்டியது நேர்மை சம்பந்தப்பட்ட விஷயம். பொய் சொல்லாதே, ஏமாற்றாதே, திருடாதே, அப்படிச் செய்பவரைப் பொறுத்துக்கொள்ளாதே என்பதுதான் வெஸ்ட் பாயின்ட் மாணவர்களின் கௌரவ விதி. பிள்ளையின் பர்ஸில் அப்படி ஒரு அட்டை இருந்தால் இன்றே தூக்கிப் போடச் சொல்லுங்கள்.

அனுமதி கொடுப்பவர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? 2017 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் வழிகாட்டு நெறிகளில் மொத்தம் 13 தலைப்புகள். மது, குற்ற நடத்தை, தனிப்பட்ட நடத்தை ஆகிய மூன்றும் நமக்கு வேண்டியவை. ஒவ்வொன்றிலும் கவலை தருபவை ஒரு பக்கம், கவலையைக் குறைப்பவை ஒரு பக்கம் என்று எழுதியிருக்கிறார்கள். நடந்து நெடுநாள் ஆகிவிட்டது, எப்போதோ ஒரு தடவை நடந்தது, இனி நடக்க வாய்ப்பில்லாத சூழலில் நடந்தது, பழக்கத்தை மாற்றிக்கொண்டதற்கு ஆதாரம் இருக்கிறது, சொன்ன சிகிச்சையை முடித்திருக்கிறார் என்பவை எல்லாம் உங்கள் பக்கம் நிற்கும். முழு மனிதரைப் பார்க்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, சம்பவம் நடந்தபோது என்ன வயது, எவ்வளவு பக்குவம் என்பதையும் எடைபோட்டாக வேண்டும். பத்தொன்பது வயதில் ஒரு எம்.ஐ.பி., அதன்பின் மூன்று வருடம் சுத்தம் என்ற விண்ணப்பம் இந்த நெறிகளின்படி சுலபமானது. பதினெட்டில் ஒன்று, பத்தொன்பதில் ஒன்று, இருபதில் வண்டி ஓட்டிப் பிடிபட்டது என்று வரிசையாக இருந்தால் அவர்கள் தேடுவது ஒரு பழக்கத்தை. அப்போது வருடங்கள் கடந்திருக்க வேண்டும், மாற்றமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மருத்துவச் சோதனை தனி. மதுச் சார்பு நோய் என்று மருத்துவர் எழுதிய பதிவு இருந்தால் அகாடமிக்கும் ஆர்.ஓ.டி.சி.-க்குமான மருத்துவத் தகுதியில் அது தடையாகலாம். அங்கேயும் வெய்வர் கேட்க வழி உண்டு. இதற்குப் பயந்து, உதவி தேவைப்படும் பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போகாமல் இருந்துவிடாதீர்கள். அதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை. தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்ததை பாதுகாப்பு அனுமதி நெறிகள் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கின்றன.

பொய்யின் விலையையும் சொல்லிவிடுகிறேன். கூட்டாட்சிப் படிவத்தில் தெரிந்தே பொய் எழுதினால் 18-ஆம் தலைப்பு, 1001-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை. மறைத்து நியமனம் வாங்கினால் ராணுவ நீதிச் சட்டத்தில் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வழக்கு அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், ‘தனிப்பட்ட நடத்தை’ என்ற தலைப்பில் அனுமதி மறுக்க அந்தப் பொய் ஒன்றே போதும். ஏற்கெனவே தப்பாக எழுதிவிட்டீர்கள் என்றால், அவர்கள் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் நீங்களே போய்த் திருத்துங்கள். அப்படித் திருத்துவதைக் கவலையைக் குறைக்கும் காரணமாக நெறிகள் தெளிவாகவே ஏற்கின்றன. கேட்ட பிறகு திருத்தினால் அந்தச் சலுகை இல்லை. ஆள்சேர்ப்பு அலுவலர் யாராவது, ‘அதையெல்லாம் போடாதே தம்பி’ என்று சொன்னால் கேட்காதீர்கள். படிவத்தில் இருப்பது அவர் கையெழுத்து இல்லை.

இப்போதே செய்ய வேண்டிய வேலை காகிதம் சேர்ப்பது. வழக்கு முடிந்த விதத்தைச் சொல்லும் சான்றளிக்கப்பட்ட நகல், போலீஸ் அறிக்கை, அபராதம் கட்டிய ரசீது, வகுப்பு முடித்த சான்றிதழ். பதிவை அழிக்க மனு போடுவதற்கு முன்னாலேயே இவற்றை வாங்கி வையுங்கள். அழித்த பின் நீதிமன்றத்தில் கேட்டாலும் கிடைக்காது. விளக்கம் எழுதச் சொன்னால் சுருக்கமாக எழுதுங்கள்: ‘என் 19 வயதில் நண்பர் வீட்டு விருந்தில் மது வைத்திருந்ததற்காக சைட்டேஷன் பெற்றேன். அபராதம் கட்டினேன், மது விழிப்புணர்வு வகுப்பை முடித்தேன். அதன்பின் இப்படி எதுவும் நடக்கவில்லை.’ நண்பர்கள் வற்புறுத்தினார்கள், போலீஸ் அநியாயம் செய்தது என்றெல்லாம் நீட்டினால் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது போலத்தான் இருக்கும். கல்வி உதவித்தொகை விண்ணப்பம், மருத்துவப் படிவம், எஸ்.எஃப்.-86 மூன்றிலும் தேதியும் விவரமும் ஒன்றாக இருக்கட்டும். நிரப்பியதன் நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். எஸ்.எஃப்.-86-க்குப் பதிலாகப் புதிய கேள்வித்தாள் ஒன்றுக்கு 2023-இல் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அதனால் உங்கள் முன் வரும் படிவத்தில் கேள்வி எப்படி இருக்கிறதோ அதைப் படித்துப் பதில் சொல்லுங்கள், பழைய விண்ணப்பத்தைப் பார்த்து எழுதாதீர்கள்.

பள்ளியிலோ கல்லூரி முதல் வருடத்திலோ நடந்ததைவிட, ஆர்.ஓ.டி.சி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு நடப்பது பல மடங்கு கனமானது. அப்போது திட்டத்திலிருந்து நீக்கலாம். வாங்கிய உதவித்தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம், அல்லது சிப்பாயாகப் பணிபுரியச் சொல்லலாம். சீருடை போட்டுவிட்டால் 21 விதி தளர்ந்துவிடும் என்ற பேச்சும் உண்மை இல்லை. ராணுவ முகாமுக்குள் அந்த மாநிலத்தின் குடி வயதுதான் செல்லும். மெக்சிகோ, கனடா எல்லையிலிருந்து 50 மைலுக்குள் இருக்கும் முகாம்கள் போன்ற சில இடங்களிலும், சிறப்புச் சூழல்களிலும் அதைக் குறைக்கச் சட்டம் இடம் தருகிறது. பாதுகாப்பு அனுமதி கிடைத்த பிறகும் பதிவுகளைத் தொடர்ந்து சரிபார்த்துக்கொண்டே இருப்பார்கள். கைதானால், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல், தானே மேலதிகாரிக்கோ பாதுகாப்பு அலுவலருக்கோ தெரிவிப்பது அனுமதி வைத்திருப்பவரின் கடமை.