பொறியியல் நிறுவனத்தின் இடத்தை வாடகையைக் கொண்டு மட்டும் எடைபோடலாமா?

பொறியியல் நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் எனக்கு, அலுவலகத்தை நகர மையத்திலிருந்து புறநகருக்கு மாற்ற விரும்பும் உரிமையாளர்கள் பெரும்பாலும் முதலில் காட்டுவது மிச்சமாகும் வாடகையைத்தான். ஆனால் வடிவமைப்பு, கட்டுமான ஆலோசனை போன்ற பணிகளில் செலவின் பெரும்பகுதி சம்பளமே என்பதால், இடமாற்றம் பொறியாளர்களின் நேரத்தை என்ன செய்யும் என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 பொறியாளர்கள் வாரத்துக்கு 40 மணி வீதம் ஆண்டில் 50 வாரம் உழைத்தால் மொத்தம் 80,000 மணி நேரம். அதில் 60,000 மணி நேரத்துக்கு வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பணித்தளத்துக்குப் போய்வருவதில் ஒவ்வொருவருக்கும் வாரம் 2 மணி நேரம் கூடுதலாகக் கரைந்து, அது கட்டணம் கிடைக்கும் நேரத்தைத் தின்றால், ஆண்டுக்கு 4,000 மணி நேரம் போய்விடும். வாடகை மிச்சத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், செலவு குறையாது, வருவாய் மட்டும் ஏறத்தாழ 6.7 சதவீதம் சரியும். வருவாயில் 10 சதவீத லாபம் பார்த்துவந்த நிறுவனத்துக்கு அந்த லாபத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். இந்த இழப்பு எந்தச் செலவுத் தலைப்பிலும் தனியாகத் தெரியாது.

ஒரே தொழிலினர் ஓரிடத்தில் குவிந்தால் தேர்ந்த ஆட்களும் துணைத்தொழில்களும் தொழில் நுணுக்கமும் எளிதில் கிடைக்கும் என்று பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே விளக்கினார். அது உண்மைதான். ஆனால் நீங்கள் பழக்கி எடுத்த பொறியாளரைப் பக்கத்துக் கட்டடத்து நிறுவனம் அழைத்துக்கொள்வதும் அதே குவியலில்தான் நடக்கிறது. நகரம் தரும் கூடுதல் உற்பத்தித்திறனில் கணிசமான பங்கு சம்பள உயர்வாகவும் வாடகையாகவும் வெளியேறிவிடுகிறது. உருக்கு வேலை, இயந்திரப் பட்டறை போன்றவற்றுக்கு இந்த வாதமே அவ்வளவாகப் பொருந்தாது. கனரக வாகனம் வந்து திரும்பவும் விரிவாக்கத்துக்கும் இடம் வேண்டியிருப்பதால், அவற்றுக்குப் புறநகரே ஏற்றது.

இரண்டு இடங்களின் லாபத்தை ஒப்பிடும்போது இன்னொரு கவனமும் தேவை. 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 என்ற பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலைப்படி, நீண்டகாலக் குத்தகை வாடகை பெரும்பாலும் தேய்மானமாகவும் வட்டியாகவும் பதிவாகிறது. ஆகவே வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தை மட்டும் பார்ப்பவருக்கு, மையப்பகுதியின் அதிக வாடகை கண்ணிலேயே படாமல் போகலாம். நிகர லாபத்தையும், இனி கட்ட வேண்டிய வாடகைக்காகக் கணக்கில் காட்டப்படும் குத்தகைக் கடனையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

புதிய குத்தகையில் கையெழுத்திடுவதற்கு முன் ஓராண்டு டைம்ஷீட்டுகளை, அதாவது பணிநேரப் பதிவுகளை, எடுத்துப் பயண நேரத்தைத் தனியே கூட்டுங்கள். பணியாளர்களின் வீடுகளையும் முக்கிய வாடிக்கையாளர்களின் பணித்தளங்களையும் வரைபடத்தில் குறித்து, இரு இடங்களிலிருந்தும் காலை நெரிசலில் ஆகும் நேரத்தை நேரில் அளந்து பாருங்கள்.