இன்ஜின் நின்றால் பிரேக்கும் போகும்

போன ஐப்பசியில், மழை விட்டும் விடாத ஒரு சாயங்காலம், மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் பட்டறைக்கு இரண்டு பிக்கப்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முன்னால் வந்ததற்குப் பின்கதவு உள்ளே மடங்கியிருந்தது. இன்னொன்று கிரேனில் தொங்கிக்கொண்டு வந்தது. அதன் கிரில் நொறுங்கி, ரேடியேட்டர் ஃபேனோடு ஒட்டிப்போயிருந்தது. ஆட்களுக்கு அடி ஒன்றும் இல்லை என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

குன்னூரிலிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு இறங்கிய வண்டி, பர்லியாருக்கு மேலே டீசல் லைன் கோளாறில் நின்றுவிட்டது. கூட வந்த வண்டிக்காரர் நல்ல மனதோடு நைலான் கயிறு கட்டி, "கீழே பட்டறை வரைக்கும் கொண்டு போயிடலாம்" என்று இழுத்திருக்கிறார். இரண்டு வளைவு தாண்டியாகிவிட்டது. மூன்றாவது வளைவில் முன்வண்டி வேகம் குறைக்க, பின்வண்டி போய் இடித்துவிட்டது.

"பிரேக் நல்லாத்தானுங்கண்ணா இருந்துச்சு. ரெண்டு தடவை பிடிச்சுது. அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிருச்சுங்க" என்றார் டிரைவர் தம்பி.

நான் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தேன். லைனிங் பாதிக்கு மேல் இருந்தது. பேடு புதுசு. ஆயில் கசிவு எங்கும் இல்லை. பிரேக்கில் குறை ஒன்றும் இல்லை. இன்ஜின் ஓடவில்லை, அவ்வளவுதான்.

இதைப் பல வருடம் ஓட்டினவர்கள் கூட யோசிப்பதில்லை. பிக்கப்பில் நம் கால் மிதிக்கிற பலம் மட்டும் வண்டியை நிறுத்துவதில்லை. பெடலுக்கும், பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே வட்டமாக, கறுப்பாக ஒரு டப்பா இருக்கும். அதுதான் பூஸ்டர். அதற்குள் காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கி வைப்பது வேக்குவம் பம்ப். அந்தப் பம்பை ஓட்டுவது இன்ஜின். பல டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டு இருப்பது இந்தப் பம்ப்தான். இன்ஜின் நின்றதும் பூஸ்டருக்குள் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். அதற்குப் பிறகு மிதித்தால் முழுக்க முழுக்கக் கால் பலம். சுமையோடு இருக்கும் வண்டியை மலை இறக்கத்தில் நிறுத்த அது போதாது. பவர் ஸ்டீயரிங்கும் அதே நேரத்தில் இறுகிவிடும்.

தம்பி சொன்ன "ரெண்டு தடவை பிடிச்சுது" என்பதன் கணக்கு இதுதான்.

கயிறு இன்னொரு விஷயம். கயிற்றால் இழுக்கத்தான் முடியும், தள்ளவோ தடுக்கவோ முடியாது. ஏற்றத்தில் கயிறு விறைப்பாக இருக்கும், சரி. இறக்கத்தில் அது தளர்ந்து தொங்கும். பின்வண்டி தன் பாரத்திலேயே உருண்டு வரும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டியது பின்வண்டியின் பிரேக் மட்டும்தான், அந்தப் பிரேக்குக்கோ உயிர் இல்லை. அதனால் சொல்கிறேன்: இன்ஜின் ஓடாத வண்டியை மலைப் பாதையில் கயிறு கட்டி இறக்காதீர்கள். சரக்கோடு இருந்தால் நினைத்தே பார்க்காதீர்கள். ஓரமாக நிறுத்தி, கட்டை வைத்து, மெக்கானிக்கையோ மீட்பு வண்டியையோ வரச் சொல்லுங்கள். அந்தச் செலவு ஒரு ரேடியேட்டர் விலைகூட வராது.

சமவெளியில் கொஞ்ச தூரம் இழுக்கத்தான் வேண்டும் என்றால், கம்பி இழுவை போடுங்கள். இரண்டு முனையும் கொக்கியில் மாட்டும், வளையாத இரும்புத் தண்டு அது, முன்வண்டியை இடிக்க விடாது. அதற்காகக் கொடுத்திருக்கும் இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். பம்பரிலும் டை ராடிலும் கட்டுகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். டை ராடு வளைந்தால் ஸ்டீயரிங் உங்கள் பேச்சைக் கேட்காது. பின்வண்டியில் லைசென்ஸ் உள்ள ஆள் உட்கார வேண்டும், இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சாலை விதி. வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். சாவியை ஆன் செய்து வையுங்கள், இல்லையென்றால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

கிரேன்காரர் முன்பக்கத்தைத் தூக்கி, பின்சக்கரம் உருள உருள இழுத்துப் போவதிலும் ஒரு ஆபத்து உண்டு. நம் பிக்கப்களில் பெரும்பாலானவை பின்சக்கரத்தில் ஓடுபவை. நியூட்ரலில் இருந்தாலும் சக்கரம் சுற்றினால் கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் சுற்றும். ஆனால் இன்ஜின் ஓடாததால் கீழே எண்ணெயை வாரி இறைக்கும் ஷாஃப்ட் சும்மா நிற்கும். எண்ணெய் மேலே ஏறாது, பேரிங் காய்ந்தபடியே சுற்றும். தூரம் அதிகமென்றால், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி விடச் சொல்லுங்கள். எண்ணி நான்கு போல்ட்தான்.

இழுவையை விட்டுவிடுவோம். நன்றாக ஓடுகிற வண்டியிலேயே இதே தப்பைத் தினமும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள், சிலர் இன்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளிலும் அதற்கு முந்தைய, கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும் காமன் ரெயில் வண்டிகளிலும், கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே டீசல் போவது நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலில் ஓட டீசல் செலவாகும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து, இன்ஜின் கொடுக்கிற இலவசப் பிரேக்கையும் இழந்துவிடுகிறோம்.

குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் கிட்டத்தட்ட 1,400 மீட்டர். வண்டியும் சரக்குமாக 3 டன் என்று வையுங்கள். அவ்வளவு பாரம் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியேறும் ஆற்றல், சுமார் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அந்தச் சூட்டை இன்ஜினும் பிரேக்கும்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பாதையோரம் இரண்டாவது கியரில் போகச் சொல்லிப் பலகை வைத்திருப்பது இதற்காகத்தான். இன்ஜினை விலக்கிவிட்டால் மொத்தச் சூடும் டிஸ்க்கிலும் டிரம்மிலும் இறங்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிப் பழசானால் 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடலாம். கொதித்தால் லைனுக்குள் ஆவிக் குமிழி. அப்போது பெடல் கல்லாக இறுகாது, பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். மலைக்குப் போகிற வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுசாக ஆயில் மாற்றுங்கள். குறைந்த அளவுக்கு மேலே ஊற்றிக்கொண்டே இருப்பது மாற்றியதாகாது.

அப்புறம் எக்ஸ்ட்ரா பட்டை. வண்டி எடுத்த வாரமே பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டுத் தரச் சொல்லி வருகிறார்கள். நான் மறுக்கிறேன், அவர்கள் வேறு பட்டறைக்குப் போகிறார்கள். மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலுக்கு மேலே சேஸியில் எல்எஸ்பிவி என்று ஒரு சின்ன வால்வு உண்டு. அதிலிருந்து ஒரு கம்பி ஆக்ஸிலுக்கு வரும். சரக்கு ஏறி பாடி தாழ்ந்தால், "பாரம் வந்திருக்கிறது" என்று பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலி வண்டியில், பின்சக்கரம் பூட்டி வழுக்காமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும். பட்டையைக் கூட்டிவிட்டால் எவ்வளவு ஏற்றினாலும் பாடி தாழாது. வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொண்டு இருக்கும். பின் பிரேக் பேருக்குத்தான் பிடிக்கும், முழு வேலையும் முன்னால் விழும். இப்படி வருகிற வண்டிகளில் முன் டிஸ்க் நீலம் பாய்ந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சில இடங்களில் அந்தக் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிடுகிறார்கள். அது இன்னும் மோசம், வால்வு எப்போதும் பாரம் இருப்பதாகவே நினைக்கும். மழையில் காலி வண்டி பிரேக் பிடித்தால் பின்பக்கம் திரும்பிவிடும்.

1.7 டன் பிக்கப்பில் இரண்டரை டன் ஏற்றுவதற்குச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் இன்னும் 2,000. வாடகைக் கட்டணம் கட்டுபடியாகவில்லை என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும், உண்மையும்கூட. ஆனாலும் அந்தச் சூட்டுக் கணக்கை, இரண்டரை டன் சரக்கோடு வண்டியின் எடையையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.

நின்ற வண்டிக்குச் சக்கரத்தில் கல் வைத்தால், கிளம்பும்போது அதை எடுத்து ஓரத்தில் போடுங்கள். ராத்திரியில் பைக்கில் வருகிறவருக்கு அது தெரியாது. மரக்கட்டை இரண்டை வண்டியிலேயே வைத்திருந்தால் இன்னும் நல்லது.

கேரட் வண்டி ஒன்பதாவது நாள் தயாரானது. சாவியைக் கொடுக்கும் முன் தம்பியை சீட்டில் உட்கார வைத்தேன். இன்ஜினைப் போடாமல் ஐந்து தடவை மிதிக்கச் சொன்னேன். ஐந்தாவதில் பெடல் கல்லாக நின்றது. "இதேதானுங்க அன்னிக்கு" என்றார், முகம் சட்டென்று மாறியது. காலை எடுக்காமல் அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். பூஸ்டர் நன்றாக இருந்தால், இன்ஜின் பிடித்ததும் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஹோஸ் வெடித்திருக்கிறதா, பம்ப் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.

சாவியைத் திருப்பினார். இரண்டு நொடி போனது.

"இறங்குதுங்கண்ணா" என்றார்.