அணையாடை: ‘நாப்கின்’ என்று எழுதினால் எதை வாங்குவது?

பிரசவத்துக்கு மருத்துவமனை செல்லும்போது எடுத்துவைக்க வேண்டிய பொருள்கள் என்று தமிழில் எத்தனையோ பட்டியல்கள் கிடைக்கின்றன. எதை எடுத்தாலும் “நாப்கின் – 2 பாக்கெட்” என்று ஒரு வரி தவறாமல் இருக்கிறது. யாருக்கு? பிள்ளைக்கா, பெற்றவளுக்கா? இரண்டுமே அந்தப் பைக்குள் இருந்தாக வேண்டியவை. பிரசவமான தாய்க்கு உதிரப்போக்கு முதல் சில நாள் மிகுந்தும், பிறகு குறைந்துகொண்டும் நான்கு முதல் ஆறு வாரம் வரை இருக்கும். அவளுக்குத் தடித்த, நீளமான பேட் வேண்டும். பிள்ளைக்கு வேண்டியது இடுப்பைச் சுற்றிக் கட்டும் டயப்பர். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிவைத்தால், முதன்முறை தகப்பனாகப் போகிறவர் ஒன்றை வாங்கிவிட்டு மற்றதை மறந்துவருவார். குற்றம் அவருடையதா, பட்டியல் எழுதியவருடையதா?

சொற்களின் பிறப்பை முதலில் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘மாப்பா’ என்றால் துணி, மேசைவிரிப்பு. அது பழைய பிரெஞ்சில் ‘நாப்’ ஆனது. ஆங்கிலத்தில் ‘கின்’ என்ற சிறுமை விகுதி சேர்ந்து ‘நாப்கின்’, அதாவது சிறுதுணி, ஆயிற்று. நிலப்படத்தைக் குறிக்கும் ‘மேப்’ என்பதும் அதே ‘மாப்பா’வின் வழி வந்ததுதான். குழந்தைக்குக் கட்டுவதை மட்டும் ‘நாப்பி’ என்று பிரிட்டனில் சுருக்கிச் சொல்லத் தொடங்கியது 1920களில். ‘டயப்பர்’ வேறு கொடிவழி. கிரேக்கத்தில் தூய வெண்மையைக் குறித்த ‘தியாஸ்ப்ரோஸ்’ லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்து, சிறு சாய்சதுரக் கட்டங்கள் போட்டு நெய்த ஒரு வெள்ளைத் துணிக்குப் பெயரானது. அந்தத் துணியைக் குழந்தைக்குக் கட்டியதால் துணியின் பெயர் கட்டுவதற்கும் ஒட்டிக்கொண்டது. ஆக, ஆங்கிலச் சொற்கள் இரண்டிலும் குழந்தையும் இல்லை, ஈரமும் இல்லை. இரண்டும் வெறும் துணிப்பெயர்கள்.

தமிழில் இதற்கு இருக்கும் சொல் அணையாடை. அணை என்றால் படுக்கை, மெத்தை. தலையணை, பஞ்சணை என்பவற்றில் வருவது அதே அணைதான். அதனால் சொல்லமைப்பின்படி அணையாடை என்பது பிள்ளையைக் கிடத்தும்போது கீழே இடும் துணி. நீரைத் தடுத்து நிறுத்துவதால் ‘அணை’ என்று விளக்கம் சொல்ல யாருக்கும் ஆசை வரும். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பின்னால் ஏற்றிய பொருள், ஒதுக்கிவிடலாம்.

கீழே விரிப்பதன் பெயரை இடுப்பில் கட்டுவதற்கு வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக வைக்கலாம். மேசைத்துணி குழந்தையின் இடுப்புக்கு வந்தபோது ஆங்கிலம் தயங்கவில்லை. கிடத்தும் துணியும் கட்டும் துணியும் செய்யும் வேலை ஒன்று: பிள்ளையின் ஈரத்தை வாங்கிக்கொள்வது. வேலை ஒன்றாக இருக்கும்போது சொல் சற்று நகர்வதில் பிழையில்லை. நகர்ந்த பிறகு கீழே இடுவதை ‘விரிப்பு’ என்றால் போதும். இன்னொரு தடை சொல்வார்கள்: ‘அணையாடை’ என்று படித்ததும் ‘அணையா விளக்கு’ போல ‘அணையா’ என்றே கண் பிரிக்கிறது என்று. முதல் தடவை பிரிக்கும். இரண்டாம் தடவை பிரிக்காது.

என் வழக்கு உண்மையில் ‘நாப்கின்’ மீது இல்லை. அது கடைப்பேச்சில் வந்தது, கடைப்பேச்சில் போகட்டும். வழக்கெல்லாம் ‘விடாய்க்கால அணையாடை’ மீதுதான். மாதவிடாய்க்குப் பயன்படும் பேடுக்குத் தமிழ் தேடியவர்கள், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நாப்கின் என்று இருப்பதைப் பார்த்து, குழந்தைக்குரிய சொல்லைத் தூக்கி அங்கே வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தின் குழப்பத்தைத் தமிழுக்குள் கொண்டுவந்து குடிவைத்த வேலை இது. ஆங்கிலத்திலாவது நாப்பி, பேட் என்று பேச்சில் பிரித்துக்கொண்டார்கள். நாமோ தெளிவாக இருந்த ஒன்றைக் கலக்கிவிட்டோம். மாதவிடாய்ப் பேட் ஆடையே இல்லை. எதன் மேலும் சுற்றிக் கட்டப்படுவதில்லை. உள்ளாடையின் மேல் ஒட்டும் ஒரு பட்டை. அதற்கு ‘ஆடை’ என்ற சொல் எப்படிப் பொருந்தும்? இதில் இன்னொரு தொல்லை, பிரசவப் பட்டியலில் இந்தச் சொல்லை எழுதினால் அது நேரடியாகவே தவறு. பிரசவத்துக்குப் பின் வருவது விடாய் இல்லை. கருப்பை தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் போக்கு. அதற்கு மெல்லிய விடாய்ப் பட்டைகளை வாங்கிவந்தால் முதல் நாளே போதாது. பேறுகாலப் பட்டை என்று எழுதலாம். அது பழகும்வரை ‘பிரசவ பேட்’ என்று எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை. தெளிவான கடன்சொல், குழப்பும் தனிச்சொல்லை விட நூறு மடங்கு மேல். தனித்தமிழ் வேண்டும் என்று கேட்கிற நானே இதைச் சொல்கிறேன், ஏனென்றால் தூய்மை என்பது பொருளைப் பிரித்துக் காட்டுவதற்காகத்தான்.

‘அரையாடை’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அரை என்றால் இடுப்பு என்பது சரி. ஆனால் இன்று அந்தச் சொல் காந்தி 1921இல் மேற்கொண்ட உடையைத்தான் நினைவூட்டும், அல்லது பாதி உடுத்தியதை. எங்கே கட்டுவது என்று சொல்கிறதே ஒழிய எதற்குக் கட்டுவது என்று சொல்லவில்லை. ‘உறிஞ்சாடை’ அதற்கு நேர்மாறு: எதற்கு என்று சொல்கிறது, ஆனால் துண்டு, குளியல் அங்கி எல்லாமே உறிஞ்சும் ஆடைதானே. ‘பாம்பர்ஸ்’ என்று வணிகப் பெயரையே பொதுப்பெயராக வழங்குபவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. பேச்சு அப்படித்தான் போகும். எழுத்தில் மட்டும் வேண்டாம்.

பொதுப்பெயர் தீர்ந்தது. இனி வகைப்பெயர்கள். குழப்பம் காசைக் கரைப்பது இங்கேதான்.

‘டிஸ்போசபிள்’ என்பதை ‘அப்புறப்படுத்தக்கூடிய’ என்று பெயர்க்கிறார்கள். உலகில் எதைத்தான் அப்புறப்படுத்த முடியாது? ‘ஒருமுறை அணையாடை’ என்றால் முடிந்தது. இதைச் சிலர் மக்கும் பொருள் என்றே எண்ணிக் கழிப்பறையில் போட்டுவிடுகிறார்கள். உள்ளே இருப்பது மரக்கூழ்ப் பஞ்சும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற மணிமணியான வேதிப்பொருளும். தூய நீரைத் தன் எடையைப்போல நூறு மடங்குக்கு மேல் வாங்கி ஊதக்கூடியது அது. சிறுநீரில் உப்பு இருப்பதால் அவ்வளவு ஊதாது. ஆனால் குழாயை அடைக்க அது தாராளம். மலத்தை மட்டும் கழிப்பறையில் தட்டிவிட்டு, அணையாடையைச் சுருட்டி அதன் ஒட்டுப்பட்டையாலேயே ஒட்டிக் குப்பையில் சேர்க்க வேண்டும்.

துணியில் குழப்பம் இன்னும் மோசம். துணி அணையாடை இரண்டு பகுதி கொண்டது: ஈரத்தை வாங்கும் உட்பகுதி, ஈரம் வெளியே வராமல் காக்கும் வெளிப்பகுதி. நீர்புகா வெளிப்பகுதியைத் தனிப் பொருளாக்கி மேரியன் டோனவன் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1951இல். நம் மொழிபெயர்ப்புகளில் இரண்டுமே ‘கவர்’ அல்லது ‘உறை’ என்று வந்துவிடுகின்றன. ‘24 உறை’ என்று படித்துவிட்டு 24 வெளிப்பகுதிகளை வாங்கினால் பணம் போனது, பிள்ளைக்கு உடுத்தவும் ஒன்றும் இல்லை. உட்பகுதியை உள்மடி என்றும் வெளிப்பகுதியை மேலுறை என்றும் பிரித்து எழுதலாம். அப்போது கணக்கும் தெளிவாகிறது. பிறந்த பிள்ளைக்கு நாளுக்கு 10 முதல் 12 முறை மாற்ற வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை துவைப்பதானால் 24 உள்மடி, மூன்று நாளுக்கு ஒருமுறையானால் 36. மேலுறை 6 போதும். மலம் படாவிட்டால் துடைத்து உலரவிட்டு மறுபடி கட்டலாம். புதிய பருத்தி உள்மடியை வாங்கியவுடன் கட்டக்கூடாது. இழையில் இயற்கையான எண்ணெய்ப்பசை இருக்கும். ஐந்தாறு முறை துவைத்த பிறகே முழுதாக உறிஞ்சும். முதல் நாளே கசிகிறது என்று தூக்கிப்போடுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் செய்யாதவர்கள். துணி மென்மையாக்கும் திரவத்தையும் ஊற்றக்கூடாது. அது இழைமேல் படலமாகப் படிந்து நீரை விலக்கும். மேலுறையைக் கொதிநீரில் போட்டால் அதன் பூச்சு உரிந்துபோகும்.

பாக்கெட்டில் அளவு எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘நியூபார்ன்’ என்பதைப் ‘புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு’ என்று பெயர்த்ததால், பிள்ளை புதிதாக இருக்கும்வரை அது பொருந்தும் என்று நினைத்து ஐந்தாறு பெரிய கட்டுகளை அடுக்கிவைக்கிறார்கள். அது வயதைக் குறிக்கும் சொல்லாக இருந்தாலும் அளவு எடைக்கானது; பெரும்பாலும் 4 அல்லது 5 கிலோவோடு முடிந்துவிடும். பிள்ளை முதல் சில நாளில் எடை குறைந்து, இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு நாளுக்கு 25, 30 கிராம் கூடும். 3 கிலோவில் பிறந்தது 4.5 கிலோவைத் தொட இரண்டு மாதத்துக்கு மேல் பிடிக்கும். 4 கிலோவில் பிறந்தது ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே தொட்டுவிடும். பிறக்கும் முன் எடையைத் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது. அதனால் முதல் வாரத்துக்கு நாளுக்கு 10 வீதம் 70, அதோடு அடுத்த அளவில் ஒரு கட்டு. மீதியைப் பிள்ளையைப் பார்த்த பிறகு வாங்குவதே கணக்கு. இந்தச் சிறிய அளவில் முன்பக்கம் தொப்புளுக்கு இடம்விட்டு வெட்டியிருந்தால் நல்லது. வெட்டியிராவிட்டால், தொப்புள்கொடி விழும்வரை முன்பட்டையைக் கீழ்நோக்கி மடித்துக் கட்ட வேண்டும்.

‘கசிவுக் காவலர்கள்’ என்று ஒரு பாக்கெட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். தொடையைச் சுற்றி நிற்கும் மடிப்புதான் அது. தொடைமடிப்பு என்று எழுதியிருந்தால், கட்டியபின் அந்த மடிப்பை விரலால் வெளியே இழுத்துவிட வேண்டும் என்பதாவது புரிந்திருக்கும். அது உள்ளே மடங்கிக் கிடப்பதுதான் கசிவுக்கு முதற்காரணம். ஆண் குழந்தையானால் குறி மேல்நோக்கி இருந்தால் ஈரம் வயிற்றுப்பக்கம் ஏறும். கீழ்நோக்கி வைத்துக் கட்ட வேண்டும். இடுப்பில் இரண்டு விரல் நுழையும் இறுக்கம் போதும். ‘வெட்னஸ் இண்டிகேட்டர்’ என்பதற்கு ‘ஈரப்பதக் குறிகாட்டி’ என்று வானிலை அறிக்கை போல எழுத வேண்டியதில்லை. அது மஞ்சளிலிருந்து நீலமாகும் ஒரு கோடு. ஈரக்கோடு என்று சொல்லலாம். அது வெறும் வசதி இல்லை. முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று கூடி, ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறுக்குக் குறையாமல் நனைய வேண்டும். பால் போதுமா என்று தெரிந்துகொள்ள இந்த எண்ணிக்கை ஒரு முக்கிய அடையாளம். நன்றாக உறிஞ்சும் அணையாடையில் சிறிதளவு சிறுநீர் கைக்குத் தெரியாது, கோடுதான் சொல்லும்.

எல்லாவற்றையும்விடக் கேடு செய்வது ‘12 மணி நேரப் பாதுகாப்பு’ என்ற வரி. அத்தனை நேரம் வழியும் சிறுநீரை உள்ளே தாங்கும் என்பதே அதன் கருத்து. 12 மணி நேரம் அவிழ்க்காமல் விடலாம் என்று அது சொல்லவில்லை. தமிழ் வரியோ அப்படித்தான் சொல்கிறது. பிறந்த பிள்ளைக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, பால் கொடுக்கும் நேரத்தை ஒட்டி மாற்ற வேண்டும். மலம் கழித்தால் அந்தக் கணமே மாற்ற வேண்டும். சிறுநீரும் மலமும் சேர்ந்தால் தோலின் அமிலத்தன்மை குறைகிறது, மலத்திலுள்ள நொதிகள் வேகம் பெற்றுத் தோலை அரிக்கின்றன. அதில் வருவதைத்தான் ‘டயப்பர் அலர்ஜி’ என்று எழுதுகிறார்கள். அலர்ஜி என்று படித்த பெற்றோர் வேறு நிறுவனத்தின் பாக்கெட்டைத் தேடி அலைகிறார்கள். ஈரமும் மலமும் அப்படியே இருக்கின்றன. பெரும்பாலும் அது ஒவ்வாமையே இல்லை. அணையாடைத் தடிப்பு என்று எழுதுங்கள். அடிக்கடி மாற்றி, நீரால் கழுவி, ஒற்றி உலரவிட்டு, துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தடிமனாகப் பூசினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கும். பவுடர் வேண்டாம், அந்தத் தூள் மூச்சுக்குள் போகும். மூன்று நாளுக்குப் பிறகும் அடங்காமல், தொடை இடுக்குகளில் செக்கச்செவேல் என்று பரவி, ஓரங்களில் சிறு புள்ளிகளும் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருத்துவர் எழுதித்தரும் மருந்தே வேண்டும்.