வாடகை கேட்ட வழக்கில் அனுபவத் தொகையைப் பிறகு சேர்க்க முடியுமா?

ஒரு கடையை மாதம் 12,000 ரூபாய்க்கு விட்டதாகச் சொல்லி, வாடகைப் பாக்கி கேட்டு உரிமையாளர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கிறார். அப்படியொரு வாடகை ஒப்பந்தமே இல்லை என்று எதிர்த்தரப்பு எதிருரை (எழுத்துமூலப் பதில்) தாக்கல் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் மெய்ப்பிக்கப்படாவிட்டால் வாடகைக் கோரிக்கை நிற்காது. ஆயினும் கடையை அனுபவித்தது உண்மையென்றால், அப்படிப் பயன்படுத்தியதற்கு ஈடான தொகையை, அதாவது அனுபவத் தொகையை, மாற்றுக் கோரிக்கையாகக் கேட்கலாம். அதை முதலிலேயே எழுதாதவர், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 6, விதி 17-இன் கீழ் வழக்குரையை (வழக்குத் தொடுத்தபோது கோரிக்கைகளை எழுதித் தந்த ஆவணத்தை) திருத்த மனுச் செய்ய வேண்டும். (தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகை நீதிமன்றத்துக்குப் போகும் வழக்குகளுக்கு நடைமுறை வேறு.)

உண்மையான தகராறைத் தீர்க்கத் தேவையான திருத்தத்தை வழக்கின் எந்தக் கட்டத்திலும் அனுமதிக்கலாம் என்பதே அவ்விதியின் அடிப்படை. 2002-இல் நடப்புக்கு வந்த வரம்புரை (விதியோடு சேர்க்கப்பட்ட நிபந்தனை) அதற்கு ஒரு கடிவாளம்: விசாரணை தொடங்கிய பின் வரும் மனுவை, உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே எழுப்ப இயலவில்லை என்று நீதிமன்றம் கருதினால் மட்டுமே ஏற்கலாம். எதிருரையிலேயே ஒப்பந்தம் மறுக்கப்பட்டிருக்க, குறுக்கு விசாரணை முடியும்வரை சும்மா இருந்தவருக்கு இதில் சொல்ல அதிகம் இருக்காது.

உண்மையான இழுபறி காலவரம்பில்தான். கடந்தகால அனுபவத் தொகைக்கு மூன்று ஆண்டுகளே வரம்பு. திருத்தமோ பொதுவாக வழக்குத் தொடுத்த நாளிலிருந்தே இருந்ததாகக் கொள்ளப்படும். அதனால் காலாவதியான தொகைக்கு உயிர் வந்து, எதிர்த்தரப்பு ஏற்கெனவே பெற்றுவிட்ட பாதுகாப்பு பறிபோகக்கூடும். திருத்தம் மனு நாளிலிருந்தே செல்லும் என்று நிபந்தனை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இல் அப்படித்தான் உத்தரவிட்டது. எதிர்த்தரப்பு இந்த நிபந்தனையைக் கேட்டுப் பெறுவது நல்லது.

கூடுதல் எதிருரை, சாட்சியை மீண்டும் அழைத்தல், செலவுத்தொகை ஆகியவற்றையும் அத்தரப்பு கோரலாம். தொகை எவ்வளவு என்பதற்கு அக்கம்பக்கத்துக் கடைகளின் வாடகையைக் காட்டும் ஆவணம் தேவை.

அனுமதி கிடைத்ததும், வேறு கெடு குறிக்கப்படாவிட்டால், 14 நாட்களுக்குள் வழக்குரையில் திருத்தத்தைச் செய்து, கூடுதல் நீதிமன்றக் கட்டணத்தையும் செலுத்திவிட வேண்டும். அந்த நாட்கள் கடந்தால், நீதிமன்றம் நீட்டித்தாலன்றித் திருத்த முடியாது.