ஆயிரம் ரூபாத் தாளுக்குள் கிளி எப்படி வந்தது?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "சித்திரை வருசத்துக்கு அப்பப்பா கைவிசேஷமாகத் தந்த ஆயிரம் ரூபாவை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு கிளி தெரிகிறது. மேசையில் வைத்தால் காணவில்லை. அதை எந்த மையால் அச்சடிக்கிறார்கள்?"

மையே இல்லை, பிள்ளை. வெறும் தாளின் தடிப்புத்தான் அந்தக் கிளி.

நம் இலங்கைக் காசுத் தாள் மரக்கூழால் ஆனதல்ல, பருத்தி இழையால் ஆனது. சட்டைப் பையோடு தோய்த்தாலும் அது கரைந்து போகாததற்கு முக்கிய காரணம் அதுதான். இழையை நன்றாக அடித்து, நிறையத் தண்ணீரில் கலக்குவார்கள். கம்பி வலை போர்த்திய ஓர் உருளை அதற்குள் சுழலும். தண்ணீர் வலைக்கண் வழியே உள்ளே வடிய, இழை வலைமேல் படிந்து தாளாகும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த வலைதான். கிளியின் உருவத்தை மேடும் பள்ளமுமாக முன்கூட்டியே அதில் அழுத்தி வைத்திருப்பார்கள். குளத்து வெள்ளம் வடிந்தபின் வயலைப் பார்த்தால் பள்ளத்தில் வண்டல் தடித்தும் மேட்டில் மெலிந்தும் கிடக்குமல்லவா, இழையும் அப்படித்தான் படிகிறது. தடித்த இடம் வெளிச்சத்தை மறிக்கும், அங்கே கருமை. மெலிந்த இடம் வெளிச்சத்தை விடும், அங்கே வெண்மை. வலையின் சரிவு படிப்படியாக மாறுவதால் இறகின் நிழல்கூட மெல்ல மெல்லக் கருக்கிறது.

கிளியோடு தெரியும் 1000 என்ற எண்ணைக் கவனியுங்கள். அதில் இந்த நிழலெல்லாம் கிடையாது, ஒரே வெளேர். இப்படிப்பட்ட குறிக்கு வலைமேல் சின்ன உலோகத் தகடுகளைப் பொருத்துவார்கள். தகடு இருக்கும் இடத்தில் தண்ணீர் வடியாது. வடியாத இடத்தில் இழையும் அதிகம் படியாது.

இன்னொன்று செய்து பாருங்கள். தாளைக் கறுப்புத் துணிமேல் விரித்துச் சாய்வாகப் பார்த்தால் வெளேரென்ற எண் இப்போது மங்கலாகும். தடித்த இடம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. மெலிந்த இடத்தில் அடியிலுள்ள கறுப்பு தெரிகிறது. கள்ளத்தாளில் சாம்பல் மையால் கீறிய கிளி எப்படிப் பிடித்தாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஒளியைப் பற்றிய பாடத்துக்கு ஒரு தாளும் ஒரு டோர்ச்சும் போதும். ஆய்வுகூடம் வரட்டும் என்று நம் வன்னிப் பள்ளிகள் வருசக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ஆய்வுகூடமும் வரத்தான் வேண்டும், அது வேறு கதை.

2011 இல் வெளிவந்த இந்தக் காசுத் தாள் தொடரில் தாளுக்கு ஒரு பறவை. காசுத் தாள் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் 20 ரூபா ஆந்தையிலிருந்து தொடங்கலாம், செலவும் குறைவு. ஆனால் தயவுசெய்து லமினேற் பண்ணாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். பசை இழைக்குள் ஊறிப் பழுப்பாகும். மஞ்சள் பூசினால் காசு பெருகும் என்பதை நான் நம்புவதில்லை. மஞ்சள் பருத்தியில் நன்றாகப் பிடிக்கும் சாயம், பிறகு கழுவியும் முழுதாகப் போகாது. மார்கழி மழையில் ஈரமும் கறையானும் எட்டாத உயரத்தில், பொலியெஸ்டர் உறையில் வையுங்கள்.

சுதந்திரத்தின் 50 ஆண்டு நிறைவுக்கு 1998 இல் வந்த 200 ரூபாத் தாள் கிடைத்தால் விடாதீர்கள். அது பிளாஸ்டிக், இலங்கை வெளியிட்ட முதல் பிளாஸ்டிக் தாள். இழையே இல்லாததால் மேலே சொன்ன வித்தை எதுவும் அதில் நடக்காது. ஆயிரம் ரூபாவையும் அதையும் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் வித்தியாசம் உடனே தெரியும்.