கடலில் சீறிய படகு வாவியில் ஏன் இழுபடுகிறது?

நுவரெலியாவின் கிரகரி வாவி 1873இல், ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் அமைக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மலைநாட்டில் ஓட்டுவதற்குப் பழைய மோட்டர் படகு வாங்க நினைப்பவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இந்த உயரத்தைத்தான். படகு தேடி நீர்கொழும்புக்கோ திருகோணமலைக்கோ இறங்குகிறோம். கடலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறோம், நன்றாகத்தான் ஓடுகிறது. அதே படகை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து வாவியில் இறக்கினால், எட்டுப் பேர் ஏறியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு இழுபடுகிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போவதற்கு முன் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

பெற்றோல் எரிய ஒட்சிசன் வேண்டும். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர்ந்த காற்று சற்று அடர்த்தியானது என்பதால் இழப்பில் கொஞ்சம் ஈடாகிறது. அப்படியும் ஒவ்வொரு உறிஞ்சலிலும் சிலிண்டருக்குள் போகும் காற்றின் நிறை 17 சதவீதமளவு குறைந்துவிடுகிறது. 40 குதிரைவலு எஞ்சின் இங்கே 33 அளவில்தான் நிற்கும். ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரத்திலுள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்தில் பத்தில் ஒரு பங்கு போகும். விக்டோரியா நீர்த்தேக்கம் இன்னும் தாழ்வில் இருப்பதால் அங்கே இதைப் பெரிதாக உணரமாட்டோம்.

17 சதவீதம் போனால் வேகமும் அந்த அளவுதானே குறையும் என்று தோன்றலாம். அப்படி நடப்பதில்லை. மெதுவாகப் போகும் படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிறது. வேகம் கூடக் கூடத் தானே எழுப்பிய அலை முன்னால் மேடாக நிற்கிறது. அந்த மேட்டைத் தாண்டினால்தான் படகின் அடிப்பாகம் நீருக்கு மேலே எழுந்து வழுக்கி ஓடும். தாண்டும் அந்தக் கட்டத்தில்தான் எஞ்சினிடம் மிச்ச வலு இருக்க வேண்டும். கடலில் மயிரிழையில் தாண்டிய படகு, இங்கே தாண்டாமலே நின்றுவிடும். பெற்றோல் மட்டும் குடிக்கும்.

இதற்குப் பாதி மருந்து புரொப்பெல்லரில் இருக்கிறது. தண்ணீரில் நழுவாவிட்டால் அது ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதை அங்குலத்தில் அதன் மேல் பொறித்திருப்பார்கள். அந்த எண்ணை ஓர் அங்குலம் குறைத்தால் எஞ்சினின் உச்சச் சுழற்சி நிமிடத்துக்கு 150 முதல் 200 வரை கூடும். றம்பொடை ஏற்றத்தில் லொறிக்காரர் கியரைக் குறைப்பது போலத்தான் இதுவும். முழு அக்சிலரேட்டரில் பல நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் 5,000 முதல் 6,000 சுற்று வரை வர வேண்டும். சரியான எல்லை அந்தந்த எஞ்சினின் கையேட்டில் இருக்கும். ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டும்போது அந்த எல்லையைத் தொடாவிட்டால் எஞ்சின் எந்நேரமும் திணறிக்கொண்டே வேலை செய்கிறது என்று அர்த்தம், ஆயுள் குறையும். ஆகவே விலை பேசும்போதே குறைந்த எண் புரொப்பெல்லர் ஒன்றின் செலவையும் சேர்த்துப் பேசுங்கள்.

எஞ்சினைச் சோதிக்கும்போதும் உயரம் குறுக்கே வரும். பிளக்கைக் கழற்றிவிட்டு அமுக்கமானியை வைத்து இழுத்தால், கடற்கரையில் 120 psi (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) காட்டிய சிலிண்டர் நுவரெலியாவில் 97 அளவில்தான் காட்டும். உள்ளே போகும் காற்றே குறைவு என்பதால் வரும் வித்தியாசம் இது. ரிங் தேய்ந்துவிட்டது என்று பயந்து நல்ல எஞ்சினை விட்டுவிடக்கூடாது. பார்க்க வேண்டியது சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசத்தைத்தான். மூன்றில் இரண்டு 97 காட்ட ஒன்று மட்டும் 80 காட்டினால், அந்த எஞ்சினை எந்த ஊரிலும் வாங்க வேண்டாம்.

காபரேட்டர் உள்ள எஞ்சினில் பிளக் கறுப்பாக இருப்பதும் இப்படித்தான். மேலே காற்று மெலிந்த அளவுக்குப் பெற்றோல் குறைவதில்லை, அதனால் கரி படிகிறது. உலர்ந்த கரி என்றால், பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றினால் தீரும். எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் வேறு கதை. எலெக்ட்ரொனிக் முறையில் பெற்றோல் செலுத்தும் எஞ்சின் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் போன வலுவை அதனாலும் திருப்பித் தர முடியாது.

எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய்ச் சேருங்கள். நாம் வருமுன்னே விற்பவர் சூடாக்கி வைத்திருந்தால், காலைக் குளிரில் அது எப்படிப் பிடிக்கும் என்று தெரியவராது. பிடித்ததும் பின்பக்கத்தில் மெல்லிய தண்ணீர்த் தாரை சீராகப் பாய வேண்டும். உள்ளே ஒரு ரப்பர் இறக்கைச் சக்கரம்தான் குளிர்நீரை மேலே தள்ளுகிறது. சேற்றுத் தண்ணீர் அதை அரித்துவிடும். சக்கரம் மலிவு. அது வேலை செய்யாமல் சூடேறிய எஞ்சின் மலிவில்லை. நான்கு-ஸ்ட்ரோக்கில் ஒயில் குச்சியை இழுத்து முகர்ந்தும் பாருங்கள். குளிரில் மெதுவாகக் குறுந்தூரம் ஓடும் எஞ்சின் சரியாகச் சூடேறாது, எரியாத பெற்றோல் ஒயிலில் கலக்கும். மட்டம் கோட்டுக்கு மேலே நின்று பெற்றோல் வாடை அடித்தால் அதுதான் நடந்திருக்கிறது.

எஞ்சினின் கீழ்க்காலில், அதாவது புரொப்பெல்லரைத் தாங்கித் தண்ணீருக்குள் நிற்கும் பகுதியில், கியர் ஒயில் பால் போல வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. புரொப்பெல்லரைக் கையால் சுற்றி, நடுத்தண்டு ஆடுகிறதா என்று பாருங்கள். இங்கே உள்ள நீர்த்தேக்கங்களில் ஓடிய படகானால் இது மிக முக்கியம். மவுஸ்ஸாகலையில் நீர் வற்றும்போது மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் இடிபாடுகள் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே தெரிவதற்குச் சற்று முன், ஓரடி தண்ணீருக்கடியில் இருக்கும்போதுதான் அப்படியான கற்களும் மரக்குற்றிகளும் ஆபத்து.

பலர் எஞ்சினிலேயே கண்ணை வைத்திருந்து, உடலைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். உப்புநீர் உலோகத்தைத் தின்னும், மழைநீர் மரத்தைத் தின்னும். பைபர் படகின் எஞ்சின் மாட்டும் பின்பலகைக்குள் பல இடங்களில் ஒட்டுப்பலகைதான் இருக்கிறது. உப்பு பூஞ்சையைக் கொஞ்சம் தடுக்கும், மழைநீர் தடுக்காது. மலைநாட்டு மழையிலும் பனியிலும் மூடாமல் கிடந்த படகில் அது உள்ளுக்குள்ளேயே உக்கிப்போகும். வெளியே பெயின்ட் பளபளக்கும். எஞ்சின் காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் பலகை வளையக்கூடாது. ஸ்க்ரூட்ரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள்: கணீரென்ற சத்தம் திடீரென்று மொத்தென்று மாறும் இடத்தில் ஈரம் இருக்கும். போல்ட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை வழிந்திருந்தாலும் அதே சந்தேகம்தான். பின்பலகை உக்கிய படகை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் நான் வாங்கச் சொல்லமாட்டேன். எஞ்சின் கழன்று தண்ணீரில் விழுந்தால் அதில் இருப்பது பிள்ளைகுட்டிகளோடு வந்த குடும்பம்.

அடிப்பாகத்தில் கொப்புளங்கள் இருந்தால் ஒன்றைக் குத்திப் பாருங்கள். வினாகிரி வாடையோடு நீர் வந்தால், தண்ணீர் மேற்பூச்சைக் கடந்து பைபருக்குள் இறங்கி, அங்கே உள்ளவற்றைக் கரைத்து, அந்தக் கரைசல் மேலும் தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கிறது. நன்னீரில் இது கடலைவிட வேகமாக நடக்கும். எஞ்சினைக் காக்கத் தான் அரிபட்டுப்போகும் நாகத் (சிங்க்) துண்டையும் மாற்ற நேரும்: நன்னீரில் நாகத்தின் மேல் ஒக்சைட் தோல் படிந்து அது வேலையை நிறுத்திவிடும், மக்னீசியம்தான் பொருத்தம்.

விற்பவர் சம்மதித்தால், படகை மேலே கொண்டுவந்து வாவியில் ஓட்டிய பின்பே மீதிக் காசு என்று எழுதிக்கொள்ளுங்கள். வழக்கமாக ஏற்றப்போகும் அத்தனை பேரையும், ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கியோடு, ஏற்றிக்கொண்டு அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அப்புறம் கரையில் இழுத்து, அடியிலுள்ள வடிகுழாய் மூடியைத் திறந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பாருங்கள்.