பி செல்லைச் சாகவிடாத புரதம்

ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களைப் பற்றிப் பேசினால் கிருமியோடு அவை மோதும் கதைதான் முதலில் வரும். கிருமி எதுவும் வராத நாட்களில் அவை எப்படி உயிரோடு இருக்கின்றன என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய வியப்பு. பி செல் தானாகப் பிழைத்திருக்காது. 'இரு, இரு' என்று வெளியிலிருந்து செய்தி வந்துகொண்டே இருக்க வேண்டும். செய்தி நின்றால் செல் தன்னையே அழித்துக்கொள்ளும்.

பி செல் பிறப்பது எலும்பு மஜ்ஜையில். அங்கே ஒவ்வொரு செல்லும் மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டித் தனக்கென ஒரு ஏற்பியைக் (வெளியிலிருந்து வருவதைப் பிடித்து உள்ளே தெரிவிக்கும் புரதம்) கட்டிக்கொள்கிறது. 'ஏற்பி தயார்' என்ற செய்தி செல்லுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த கட்டம். 1952இல் அமெரிக்க மருத்துவர் ஆக்டன் புரூட்டன், அடுத்தடுத்துக் கடும் தொற்றுக்கு ஆளான 8 வயதுச் சிறுவனின் ரத்தத்தில் காமா குளோபுலின் (ஆன்டிபாடிகள் அடங்கிய புரதத் தொகுதி) இல்லாததைக் கண்டார். இவ்வகைக் குறைபாட்டுக்குக் காரணமான மரபணு 1993இல்தான் பிடிபட்டது. அது உருவாக்கும் புரதத்துக்கு அவர் பெயரையே சூட்டி, சுருக்கமாக பிடிகே என்கிறார்கள். ஏற்பியின் செய்தியை உள்ளே கடத்துவது அதன் வேலை. அது பழுதானால் பி செல்கள் முதிராமல் மஜ்ஜையிலேயே நின்றுவிடுகின்றன.

மஜ்ஜையைத் தாண்டிய இளம் செல் மண்ணீரலுக்கு வருகிறது. அங்கே அது பிழைத்திருக்கத் தேவைப்படும் புரதம் பாஃப். 1999இல் பல குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கண்டுபிடித்ததால் பிலிஸ் என்றும் இதற்குப் பெயர் உண்டு.

பாஃப் வேலை செய்யும் விதம் விநோதமானது. பிழைப்புக்கான வேலையைத் தொடங்கிவைக்கும் நிக் என்ற புரதத்தைச் செல் ஓயாமல் தயாரிக்கிறது. ட்ராஃப்-3 என்ற இன்னொரு புரதம், கூட்டாளிகளோடு சேர்ந்து, நிக்கைப் பிடித்துப் பிடித்துச் சிதைவுக்கு அனுப்புகிறது. பாஃப் வந்து செல்லின் மேலுள்ள தனக்கான வேறொரு ஏற்பியில் ஒட்டியதும் ட்ராஃப்-3 அங்கே இழுக்கப்பட்டு, அதுவே சிதைக்கப்படுகிறது. தடுக்க ஆளில்லாமல் நிக் சேர்கிறது. அதன் தூண்டுதலால் பி100 என்ற நீளமான புரதம் வெட்டுப்பட்டு பி52 ஆகி, உட்கருவுக்குள் நுழைந்து, சாவைத் தடுக்கும் மரபணுக்களை இயக்குகிறது. ஆக, பாஃப் நிக்கை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உண்டாகிக்கொண்டிருப்பதை அழியாமல் காக்கிறது.

அந்த பி100 குறையாமல் இருப்பதற்கு, செல் தானே கட்டிக்கொண்ட ஏற்பியிலிருந்து வரும் மெல்லிய செய்தியும் உதவுகிறது. அதனால் இரண்டில் ஒன்று மட்டும் போதாது. எலிகளில் முதிர்ந்த பி செல்களின் ஏற்பியை நீக்கிப் பார்த்த 1997ஆம் ஆண்டு ஆய்வில், அந்தச் செல்கள் சில நாட்களில் மடிந்தன.

பாஃப் அளவோடுதான் கிடைக்கும். இந்தப் பற்றாக்குறை ஒரு காவல் என்றே எனக்குப் படுகிறது. நம் சொந்தத் திசுக்களையே தாக்கக்கூடிய பி செல்கள் உயிர் பிழைக்க மற்றவற்றைவிட அதிக பாஃப் வேண்டும். போட்டி கடுமையாக இருக்கும்போது முதலில் விழுபவை அவைதான். பாஃப் பெருகினால் அவையும் தப்பிவிடும். பாஃப் மிகையாகச் சுரக்கும்படி மாற்றிய எலிகளுக்கு, உடலின் தற்காப்பே சொந்தத் திசுக்களைத் தாக்கும் லூபஸ் போன்ற நோய் வந்தது. லூபஸ் நோயாளிகள் பலரின் ரத்தத்திலும் பாஃப் கூடுதலாக இருக்கிறது.

பாஃபைப் பிடித்து முடக்கும் பெலிமுமாப் என்ற மருந்துக்கு 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. லூபஸுக்கென்று அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த முதல் புது மருந்து அது. அதன் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். புதிய பி செல்கள் குறைந்தாலும், ஏற்கெனவே முதிர்ந்து மஜ்ஜையில் குடியேறி ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்கள் அவ்வளவு எளிதில் சாவதில்லை. அவற்றை வாழவைக்கும் செய்தி வேறொரு ஏற்பி வழியாக, பெரும்பாலும் ஏப்ரில் என்ற பாஃபின் உறவுக்காரப் புரதத்திடமிருந்து வருகிறது.